கணிப்பொறி கற்கும் பிள்ளைகளும் கடன்படும் பெற்றோரும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த நாள் தொட்டுத் தாம்பரம் வட்டாரத்துக் குடும்பங்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே. "கம்ப்யூட்டர் கிடைக்குமா?" என்பதே அது. சேலையூரிலும் பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும், திருமணம் பேசும் வீட்டிலும் துக்கம் விசாரிக்கும் வீட்டிலுங்கூட, இக்கேள்வியே முந்தி வருகிறது. கிடைத்தது என்றால் இனிப்பு வழங்குகின்றனர். "மெக்கானிக்கல்தான் கிடைத்தது" என்றால் பரிவோடு பார்த்து ஆறுதல் கூறுகின்றனர். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் நான்காண்டுக் காலம் எதைக் கற்கப்போகிறான் என்பது பற்றி இவ்வளவு பேச்சு நிகழ்ந்தும், கணிப்பொறியியல் என்பது யாது, அதனை யார் கற்கலாம், அதற்காக ஒரு குடும்பம் எவ்வளவு கடன்படலாம் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பார் அரியர். இம்மாதம் அம்மூன்றையும் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

நம் வட்டாரம் கண்ட தொழில்கள்

குரோம்பேட்டை என்னும் பெயர் எங்ஙனம் வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுள் பலர் அறியார். அங்குத் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் நகரத்து அலுவலகங்களில் பணிபுரிவோர் இப்பக்கம் குடியேறலாயினர். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை ஹெரால்டு கார்களைச் செய்து அனுப்பியது. அங்கே வேலை கிடைத்துவிட்டால் ஆயுள் முழுவதற்கும் கவலையில்லை என்று எண்ணிய தலைமுறை ஒன்று இங்கு வாழ்ந்தது. 1988-ஆம் ஆண்டளவில் அத்தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது. கார்கள் உருவான அந்நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்து நிற்கிறது.

1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி வளாகம் தோன்றியது. பின்னாளில் மென்பொருள் நிறுவனங்களும் அங்கு இடம் பெற்றன. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரை கண்ணாடி மாளிகைகள் வரிசையாக எழுந்தன. இன்று விடியற்காலையில் கேம்ப் ரோட்டிலும் மேடவாக்கத்திலும் நின்று பார்ப்போர்க்குக் கம்பெனிப் பேருந்துகளே மிகுதியாகத் தென்படும். இவற்றைக் கண்ணாரக் காணும் பெற்றோர், "நம் பிள்ளையும் இதில் ஏறிவிட்டால் போதும்" என்று எண்ணுவதில் வியப்பில்லை. அவ்வெண்ணத்தை நாம் பழிக்கவும் இல்லை. தோல் தொழிற்கூடத்தில் உழைத்தவரின் பேரன் குளிரூட்டிய அறையில் அமர்ந்து பணி செய்கிறான் எனில் அது மகிழத்தக்கதே. ஆயினும் நம் வட்டாரத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. எத்தொழிலும் என்றும் நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி கூறியதில்லை. தொழில் மாறியபோது, கற்கும் திறனைக் கைக்கொண்டிருந்தவர்களே வேறொன்றைப் பற்றிக்கொண்டு கரையேறினர்.

கணிப்பொறியியல் யாது?

கணிப்பொறியை இயக்கத் தெரிந்துகொள்வதே கணிப்பொறியியல் என்று பலர் கருதுகின்றனர். "எந்நேரமும் செல்போனிலேயே இருக்கிறான், அவனுக்கு அதுதான் வரும்" என்று கூறும் தாய்மார்கள் உளர். பேருந்தில் நாள்தோறும் பயணம் செய்பவர் பேருந்து கட்டும் பொறியாளராகிவிடுவதில்லை அன்றோ?

கணிப்பொறியியல் பெரும்பாலும் கணிதத்தின் வழிவந்த கல்வி. ஒரு சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஐயத்திற்கு இடமின்றி எழுதுவதே அதன் அடிப்படை. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். பங்கின் குடும்பப் பதிவேட்டில் ஆயிரம் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன எனக் கொள்வோம். முதல் ஏட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால், ஆயிரம் பெயர்களையும் பார்க்க நேரிடலாம். நடுவில் திறந்து, தேடும் பெயர் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று கண்டு, பாதியை விலக்கி, மீண்டும் நடுவில் திறந்தால், பத்தே முறையில் அப்பெயரை அடையலாம். பத்து இலட்சம் பெயர்கள் இருப்பினும் இருபது முறை போதும். இத்தகைய வழிமுறைகளைக் கண்டறிவதும், அவை சரியென நிறுவுவதும், விவரங்களைச் சேமித்து வைக்கும் அமைப்பும், பல பணிகளை ஒரே பொறி பகிர்ந்து செய்யும் முறையும், பொறிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகளும் இக்கல்வியில் அடங்கும்.

1973-இல் கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 என்னும் பெரும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்து மாணவர் துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பர். ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே தாளில் எழுதிப் பலமுறை சரிபார்த்த பின்னரே அட்டையைத் தொட்டனர். இன்று அவ்வளவு ஆற்றலைவிட மிகுந்த ஆற்றல் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் எழுதுமுன் எண்ணிப் பார்க்கும் அப்பழக்கத்தின் தேவை சிறிதும் குறையவில்லை.

கணிதத்தில் மனம் பொருந்தாத பிள்ளைக்கு இக்கல்வி பெருஞ்சுமையாகும். மதிப்பெண் மட்டும் அதற்குச் சான்றாகாது. விடை வராத கணக்கோடு ஒரு மணி நேரம் போராடும் பொறுமை பிள்ளைக்கு உண்டா என்பதே பெற்றோர் கவனிக்கத்தக்கது.

அடகு வைத்த வளையல்

குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியை 1949-இல் தொழிலதிபர் சி. இராஜம் தம் சொந்த மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு நிறுவினார். நாட்டில் பிறர் அதிகம் எண்ணிப்பாராத விமானவியல், மின்னணுவியல் முதலிய துறைகளை அது அன்றே கற்பித்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இருவர் அங்குச் சேர்ந்தனர். ஒருவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். மற்றவர் எஸ். ரங்கராஜன். சுஜாதா என்னும் பெயரில் கணிப்பொறியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதிப் பல இலட்சம் வாசகரை அடைந்தவர் அவரே.

கலாம் அக்கல்லூரியில் இடம் பெற்றபோது சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவர்தம் தமக்கையார் சொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அத்தொகையைத் திரட்டினார். தம் சொந்த ஊதியத்தில்தான் அவற்றை மீட்க வேண்டும் என்று தம்பி உறுதி பூண்டார். பின்னர் ஒருநாள், கலாம் வரைந்த விமான வடிவமைப்பில் நிறைவுறாத இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாள்களுள் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். உதவித்தொகையே அவருக்கு உயிர்நாடி. இரவு பகலாக வரைபலகையின் முன் அமர்ந்து பணியை முடித்தார் கலாம்.

இந்நிகழ்ச்சியைப் பெற்றோர் பலர் அறிவர். "கலாம் வீட்டிலேயே அடகு வைத்துத்தானே படிக்க வைத்தார்கள்?" என்று நம்மிடமே கேட்டவர்களும் உண்டு. உண்மையே. ஆயினும் அங்கு விமானத்தைக் கற்க விரும்பியவர் அந்த இளைஞர். அந்த விருப்பத்திற்காக ஒரு குடும்பம் கைகொடுத்தது. கற்பித்தவர் கண்டிப்பாகக் கற்பித்தார். இம்மூன்றும் பொருந்திய இடத்தில் அடகு வைத்த நகை வீண்போவதில்லை. இம்மூன்றில் ஒன்றேனும் குறைந்தால் நகை போவதோடு பிள்ளையின் மனமும் உடைந்து போகிறது.

ஒரு குடும்பத்தின் கதை

நம் பங்கின் எல்லைக்குள் வாழும் குடும்பம் ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். பெயரும் ஊரும் வேண்டா. தந்தை ரெயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மகனுக்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் கிடைத்தது. பிள்ளையும் அதை விரும்பினான். உறவினரோ, "இந்தக் காலத்தில் யார் மெக்கானிக்கல் படிக்கிறார்கள்?" என்றனர். தந்தை அவ்விடத்தை விட்டுவிட்டு, வேறொரு கல்லூரியில் நிருவாக ஒதுக்கீட்டில் கணிப்பொறியியல் இடம் பெற்றார். ஓய்வுத்தொகையின் பெரும்பகுதி ரசீதின்றிக் கைமாறியது. எஞ்சிய கட்டணத்திற்கு ஊரிலிருந்த நிலம் அடமானமாயிற்று.

மகன் முதலாண்டிலேயே இரண்டு தாள்களில் தவறினான். வீட்டில் சொல்ல அஞ்சினான். இரண்டாம் ஆண்டின் முடிவில் அரியர் ஏழாயிற்று. தேர்வு முடிவு வரும் நாள்தோறும் ஒரு பொய். அப்பொய்யை மறைக்க மற்றொன்று. மூன்றாம் ஆண்டில் செய்தி வெளிப்பட்டபோது தந்தை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் நான்கு மாதங்கள் தந்தையும் மகனும் பேசாமல் வாழ்ந்தனர். தாயார் இருவரையும் நம் பங்கு இல்லத்திற்கு அழைத்து வந்தார். "எனக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்கிறார், ஃபாதர். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை" என்றான் மகன். தந்தை நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா?" என்றார். மகன் அழுதான்.

அவன் ஐந்தாம் ஆண்டில் தாள்களை முடித்தான். இன்று குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறான். வேலை பிடித்திருக்கிறது என்கிறான். நிலம் இன்னும் மீளவில்லை. தந்தையும் மகனும் மாதந்தோறும் வங்கிக்கு ஒன்றாகச் சென்று தவணை செலுத்துகின்றனர்.

பணம் பற்றிச் சில தெளிவுகள்

இத்தகைய துன்பங்களுள் ஒரு பகுதியேனும் தவிர்க்கத்தக்கது. ஆதலால் சில செய்திகளைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

நன்கொடை என்னும் பெயரில் இடத்திற்காகப் பணம் பெறுவதைத் தமிழகத்தில் 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. ரசீது தர மறுக்கும் இடத்தில் பணத்தைக் கொடாதீர்கள். கொடுத்த பின் திரும்பப் பெறுவது அரிது.

கல்விக்கடனைப் பொறுத்தவரை, வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு எதுவும் கேட்பதில்லை. ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்டால் சொத்து ஈடு வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். ஆயினும் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை. ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டுகள் கடன் பெற்றதாகவும் வட்டி பத்து விழுக்காடு என்றும் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனி வட்டியே 1 இலட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது செலுத்தி வந்தால் இச்சுமை குறையும். எனினும் இது மூன்று வட்டிக்கு வெளியில் வாங்குவதைவிடப் பன்மடங்கு மேலானது. மாதம் நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு முப்பத்தாறு அன்றோ?

கல்லூரியைத் தெரிந்தெடுக்குமுன் கட்டடத்தையும் நுழைவாயில் வளைவையும் பார்த்து முடிவு செய்யற்க. அண்ணாப் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிட்டு வருகிறது. அதனைப் பாருங்கள். நாக் என்னும் மதிப்பீடு கல்லூரி முழுவதற்கும் உரியது. என்.பி.ஏ. என்னும் தகுதிச் சான்று ஒவ்வொரு பாடப்பிரிவிற்கும் தனித்தனியே வழங்கப்படுவது. உங்கள் பிள்ளை சேரும் பிரிவிற்கு அச்சான்று உண்டா என்று கேளுங்கள். கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியில் நிகழ்கிறது. விருப்பப் பட்டியலைப் பிள்ளையோடு அமர்ந்து, அவன் உண்மையில் விரும்பும் வரிசையில் நிரப்புங்கள். பிரவுசிங் சென்டரில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வருதல் பெருந்தவறு.

வாயில்கள் பல

பொறியியல் கல்லூரியின் வாயில் மட்டுமே கணிப்பொறித் துறைக்கு வழியன்று. கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிப்பொறியியலும் பி.சி.ஏ.வும் மூன்றாண்டுப் படிப்புகள். அரசு கல்லூரிகளிலும், உதவிபெறும் கல்லூரிகளின் உதவிபெறும் பிரிவுகளிலும் அவற்றுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதன் பின்னர் எம்.சி.ஏ. பயிலலாம். 2020 முதல் அது இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. கணிதத்திலோ இயற்பியலிலோ பட்டம் பெற்றுப் பின் இத்துறைக்கு வந்தவர்களும் தாழ்ந்துவிடவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு வேண்டா. சில வாரங்கள் பாடம் பயின்று தகுதித் தேர்வில் தேறினால் போதும். குறைந்த வருமானக் குடும்பத்தார்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஸ்ரீதர் வேம்பு தோற்றுவித்த ஜோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பையும் டிப்ளமாவையும் முடித்த இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் அளித்துப் பயிற்றுவித்து வருகிறது.

பெண்பிள்ளைகள் குறித்து ஒரு சொல். "இரவு வேலை இருக்குமாமே" என்று கூறி, கணிதத்தில் சிறந்த பெண்ணை இத்துறையிலிருந்து விலக்கும் தந்தையர் உளர். பாதுகாப்பான போக்குவரத்து வேண்டுமென்று நிறுவனத்திடம் கேட்பது நியாயம். அதற்காகப் பெண்ணின் படிப்பை மறிப்பது நியாயமன்று. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்தின் வழியாக 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. பின்னர் அத்திட்டம் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும், தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் மாணவர்க்கும் விரிந்தது. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டா.

இளைஞர்களுக்கு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், தமிழில் சொன்னாலும் நிரல் எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. "இனி இதைப் படித்து என்ன பயன்?" என்று சிலர் கலங்குகின்றனர். "இனிப் படிக்கவே தேவையில்லை" என்று சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் பொருந்தா. பொறி எழுதித் தந்ததில் பிழை எங்கே என்று காண்பதற்குக் கற்றவன் வேண்டும். புதியவர்க்கு முன்பு தரப்பட்ட எளிய பணிகளைப் பொறியே செய்யக்கூடுமாதலால், பெயருக்குப் பட்டம் பெற்றவர்க்கு இனி இடம் குறுகும். அடிப்படையை ஆழக் கற்றவர்க்கே வழி திறக்கும். ஆதலின் பயிற்சிக் கணக்கைக் கருவியிடம் கொடுத்து விடை பெற்று ஒப்பிக்காதீர்கள். முதலில் நீங்களே எழுதுங்கள். தவறுங்கள். பின்னர்க் கருவியைக் கேளுங்கள்.

ஆங்கிலம் வராது என்று ஒதுங்காதீர்கள். நிரல்மொழியில் உள்ள ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே. நேர்முகத் தேர்வில் வேண்டுவது தெளிவு. அதை நாள்தோறும் அரைமணி நேரம் உரக்கப் படித்தும் நண்பரோடு பேசியும் பெறலாம். இன்னொன்று: தவறிய தாளை வீட்டில் மறைக்காதீர்கள். தவறிய முதல் நாளில் சொல்லும் உண்மை சிறிய துன்பம் தரும். மூன்றாண்டு மறைத்த உண்மை குடும்பத்தையே பிளக்கும்.

பெற்றோர்களே, எந்தக் கல்லூரி என்று பிறரிடம் கேட்பதற்குமுன் ஒருநாள் மாலை பிள்ளையோடு தனியே அமருங்கள். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். உடனே விடை வாராது. பதினேழு வயதில் பலருக்கு அது தெரியாது. ஒருமுறை கேட்டுவிட்டு எழுந்து போகாமல் மீண்டும் கேளுங்கள். எந்த விடை வந்தாலும் கோபப்படமாட்டீர்கள் என்று பிள்ளை நம்பும் வரையில் கேளுங்கள். அவன் கணிப்பொறி என்றால் மனமார அனுப்புங்கள். வேறொன்று என்றால், அதிலும் உழைத்து வாழ வழியுண்டு என்று நம்பி, அதற்கும் மனமார அனுப்புங்கள்.